ஐந்தரை மணி வண்டி

பெரணி இலையைப் புறங்கையில் வைத்து அழுத்தினால் அதன் அடிப்புறத்து வெள்ளைத்தூள் தோலில் படியும். ஒரு முழு இலை, நரம்பு நரம்பாக. அந்தத் தூள் என்ன என்று தெரிய வேண்டும். தாவரவியல் படிக்க எனக்கிருந்த காரணம் அவ்வளவுதான். பிளஸ் டூ முடித்த கோடையில் வேறெதையும் நான் கேட்கவில்லை.

அப்பா மலைமேல் மாரமங்கலம் பக்கம் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். ஹாஸ்டலில் விட மாட்டேன், தினமும் சேலம் போய்த் திரும்புவதானால் படி என்றார். ஆகவே எந்தப் படிப்பு என்று நாங்கள் கல்லூரியில் விசாரிக்கவில்லை. எங்கள் மலை பஸ்ஸின் கண்டக்டரிடம் விசாரித்தோம். மருந்து, கல்யாணப் பத்திரிகை, தைத்த ரவிக்கை எல்லாம் அவர் கையில்தான் மலையேறி வரும். கீழே நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும் என்று நம்பினோம்.

“ஏனுங்க ரைட்டரே, பாட்டனின்னா லேப் இருக்குமுங்க. உட ஆறு மணி ஆயிரும். நம்ம கடைசி வண்டி அஞ்சரைக்கே எடுத்துருவமே! காமர்ஸ்ல போடுங்க. ஒன்றரைக்கு உட்டுருவாங்க, புள்ள மூணு மணி வண்டியில ஊடு வந்துரும்.”

“என்ன கண்ணு சொல்ற?” என்றார் அப்பா.

“சரிங்கப்பா.”

“மொதல்ல டிக்கெட்டக் குடுப்பா, அட்மிசன அப்பறம் போடலாம்!” என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று மணி வண்டியை முதல் வருடம் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதன்பின் தினமும் நான்கு மணி நேரம் சேலம் பஸ் ஸ்டாண்டில், மடியில் காலி டிபன் பாக்ஸுடன். வெயில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகரும். நான் நகரவில்லை.

இரண்டாம் வருடம் ஒருநாள், அடிவாரத்தில் இறங்குகிற எங்கள் கல்லூரிப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடித்த செய்தித்தாளுக்குள் பெரணி.

“பாட்டனிங்களா? லேப் முடிய ஆறு ஆகாதா?”

“ஆறா! நாலுக்கே தொரத்தி உட்டுருவாங்க. கேன்டீன்ல அரட்டை அடிச்சிட்டு வர்றேன். கையக் குடுங்க, ஒண்ணு காட்றேன்.”

இலையை என் புறங்கையில் வைத்து அழுத்தினாள். முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தேன். தூள் என்னவென்று கேட்கவில்லை.

ஐந்தரை வண்டியில் அதே கண்டக்டர் சீட்டுக் கிழித்தார். “படிப்பெல்லாம் எப்படிப் போகுது, கண்ணு?”

“நல்லாப் போகுதுங்க.”

வீட்டு வாசலில் அப்பா வழக்கம்போல் கேட்டார்.

“வண்டி நேரத்துக்கு வந்துச்சா, கண்ணு?”

“வந்துச்சுங்கப்பா.”

கை கழுவினேன். இலை போய்விட்டது.