நீலச் சூட்கேசில் எழுதிய பெயர்

ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குக் கீழே அந்த நீலச் சூட்கேஸ் இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயின்ரில் என் பெயர். பெயருக்கு முன்னால் சுரண்டிய தழும்பு. அங்கே ‘டொக்டர்’ என்று இருந்தது. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான உயர்தரம் படிக்க நான் கொழும்புக்குப் புறப்பட்டபோது, உழவு இயந்திரங்களுக்குப் பெயர் எழுதுகிறவரைப் பிடித்து அப்பா எழுதுவித்தது. அப்போது நான் அதற்கு முந்திய சாதாரண தரப் பரீட்சைதான் முடித்திருந்தேன். ஆசைக்கு அளவு வேண்டாமா!

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட அதிபர் வீடு தேடி வந்து சொன்னார்: “இவவை இஞ்சையே விடுங்கோ. எங்கட முல்லைத்தீவு மாவட்டத்துக்கு மெடிசினுக்கு எடுபடுற வெட்டுப்புள்ளி குறைவு. அங்க படிச்சால் கொழும்புப் பிள்ளையளோடதான் இவவையும் கணக்கெடுப்பினம்.” அப்பா வயல் சேறு காயாத காலோடு நின்றார். “இரங்கிக் குடுக்கிற இடத்திலயோ, ரீச்சர், என்ர பிள்ளை டொக்டராகோணும்? கொழும்புக்காரரோட நேர நிண்டு வெல்லட்டும்.” அந்தக் கதை எனக்கும் இனித்தது.

பெறுபேறு வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவளைவிட எனக்குப் புள்ளி கூட. ஆனால் முல்லைத்தீவுப் பிள்ளையாக அவள் மருத்துவபீடம் போனாள். கொழும்புப் பிள்ளையாக நான் வெளியே நின்றேன். கொழும்பில் படிப்புக்கா பஞ்சம்? கணினி, கணக்கியல், வெளிநாட்டுப் பட்டம் என்று தெருவுக்குத் தெரு ஒரு கல்லூரி. அப்பா என்னோடு ஒவ்வொன்றின் படியும் ஏறி இறங்கினார். ஒவ்வொரு மேசையிலும், “இதைப் படிச்சால் டொக்டராகலாமோ?” என்று கேட்டார். மேசைக்கு அந்தப்பக்கம் சிரிப்பை அடக்கினார்கள். நான் வெட்கத்தில் சுவர் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கணக்கியலில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே கத்தியால் அந்த ‘டொக்டரை’ச் சுரண்டினேன். அதற்குப் பிறகு அப்பா ஊரில் ஒரு கலியாண வீட்டுக்கும் போகவில்லை. மகளைப் பற்றி யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம்.

இன்று வார்டுக்கு வந்த டொக்டர் அவளேதான், என் வாங்குத் தோழி. அப்பா கையூன்றி எழும்பினார். “பிள்ளை, குறை நினையாதேங்கோ. இவவுக்கு உங்களைவிட மாக்ஸ் கூட.” பக்கத்துக் கட்டில்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நிலம் பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்றிருந்தது. அவள் முகம் மாறவில்லை. “ஓம் அப்பா, எனக்குத் தெரியும். மூச்சை இழுத்து விடுங்கோ,” என்றாள்.

அவள் அடுத்த கட்டிலுக்குப் போனதும், பெயர் சுவர்ப்பக்கம் போகும்படி சூட்கேசைக் காலால் மெல்லத் திருப்பினேன். அப்பா கண்டுவிட்டார்.

“திருப்பாதை பிள்ளை. அதில கிடக்கிற வெக்கம் என்ர. நீ ஏன் மறைக்கிறாய்?”