வெள்ளிக்கிழமைக் காளான்

தவக்கால வெள்ளிக்கிழமை. கோழி, ஆடு எதுவும் கூடாது என்பதால் கொடுவா மீனைக் கிரில்லில் வைத்துவிட்டு, வெண்ணெயில் வதங்கிய காளான்மேல் கிரீமை ஊற்றினேன். எழுந்த வாசனை என்னை எங்கள் பழைய ஜூரோங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துவிட்டது.

அப்பா கப்பல் பட்டறையிலிருந்து நல்ல பசியோடு வந்திருந்தார். அம்மா முதல்முறையாகக் காளான் சாஸ் ஊற்றிய மீனை வைத்தார். அப்பா சாஸிலிருந்த ஒரு துண்டை மென்றார். வாய் அப்படியே நின்றுபோனது. விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை.

“கோழி மாதிரி இருக்கே. வெள்ளிக்கிழமை அதுவுமா என் விரதத்தைக் கெடுத்துட்டியா?”

“காளான்ங்க அது. தேக்கா மார்க்கெட்டுல வாங்கினேன்.”

அப்பா நிம்மதியாக விழுங்கினார். தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவருக்கு அடுத்த கவலை வந்தது. “இவ்வளவு ருசியா சாப்பிட்டா இது எப்படித் தவமாகும்?”

“அடுத்த வெள்ளி நீங்க சமைங்க. தவம் தானா வந்துடும்,” என்றார் அம்மா.

இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே என் மனைவிக்குப் பரிமாறினேன். பாதி மீன் கம்பியிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. கிரீம் திரிந்து மோராகியிருந்தது. அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். தண்ணீர் குடித்தாள். பிறகு ஆறுதலாகச் சொன்னாள்:

“மாமாவுக்கு வந்த கவலை உங்களுக்கு வேணாம்லா.”