மாமா சொன்ன மதுரை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் அப்போதுதான் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு மாலை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் திரும்பியபோது, எங்கள் வீட்டு வாங்குப் பலகையில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா வந்திருக்காரு புள்ள. கும்புட்டுக்க" என்றாள்.

அம்மாவுக்கு ஒரு தம்பி உண்டு என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டக் குடும்பங்களோடு சிறு வயதில் தாத்தாவின் கையைப் பிடித்துக் கப்பல் ஏறியவர். கல்யாணம் முடிந்திருந்ததால் அம்மா இங்கேயே தங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இப்போது பளிச்சென்ற சட்டையும் கைக்கடிகாரமுமாக ஒருவர் வந்து "அக்கா" என்றதும், அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பிவிட்டாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. வடக்கில் சண்டை நடந்த அந்தக் காலத்தில் லயத்துக்கு யார் புதிதாக வந்தாலும் பொலிஸில் சொல்ல வேண்டும். மறுநாள் நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பாஸ்போட்டை என்னிடம் கொடுங்கள் என்று கேட்டேன். தரவில்லை. நேராக சார்ஜனிடம் நீட்டினார், திரும்ப வாங்கிய கையோடு சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். "உண்மையாகவே உன் மாமாவா?" என்று சார்ஜன் சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்றேன்.

மதுரையில் இருப்பதாகச் சொன்னார். மாலையில் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்களும் பிள்ளைகளும் எங்கள் வாசலில் கூடிவிடுவார்கள். மாமா ஆரம்பிப்பார். ஆயிரங்கால் மண்டபம், பொற்றாமரைக் குளம், தட்டினால் ராகம் பாடும் கல்தூண். திருமலை நாயக்கர் கட்டிய மகாலை அவருடைய பேரனே பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோன கதை. மகாலுக்கு மண் எடுத்த பள்ளந்தான் தெப்பக்குளம் ஆனதாம், அந்தப் பள்ளத்தில் கிடைத்த பெரிய பிள்ளையார்தான் இன்று கோயிலுக்குள் இருக்கிறாராம். காந்தி சுடப்பட்டபோது கட்டியிருந்த வேட்டியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்களாம். அம்மாவின் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு அதெல்லாம் மனப்பாடம் செய்து ஒப்புவிப்பது போலவே கேட்டது. நாயக்கரின் பேரனைத் தெரிந்த மனிதருக்கு, அரிசி எங்கே வாங்குவீர்கள் என்று கேட்டால் "கடையில" என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. பொழுது விடிந்ததும் அவர் தேயிலை மலைப்பக்கம் போய் நின்று பார்த்துக்கொண்டிருப்பது வேறு எனக்கு உறுத்தலாக இருந்தது. யார் இவர்? எதற்காக வந்திருக்கிறார்? ராத்திரி தூங்கப் போகுமுன் கதவுக் கொண்டியை இரண்டு தரம் பார்ப்பேன். ஆள் உள்ளே இருக்கும்போது கொண்டி எதற்கு என்று பிறகுதான் உறைக்கும்.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், சண்டைக் காலத்தில் மதுரையில் தங்கிப் படித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே அவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"அண்ணை மதுரையில எவ்விடத்தில இருக்கிறியள்?" என்று டீச்சர் கேட்டார்.

"கோயிலுக்குக் கிட்டதாங்க."

"எந்தக் கோபுரத்தடியில?"

"பெரிய கோபுரங்க." மாமா சட்டென்று பேச்சை மாற்றினார். "ஆறும் கிட்டதாங்க. எப்பவும் ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணி ஓடும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். "நான் இருந்த காலத்தில வைகையில தண்ணியைக் கண்டது வலு குறைவு. மணலுக்குள்ள பெடியள் கிரிக்கெட் விளையாடுவாங்கள்."

மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.

டீச்சர் போனதும் நான் மாமாவிடம் நேராகவே கேட்டேன். "நீங்க யாரு? உண்மையச் சொல்லுங்க."

"ஒங்க மாமாதாம்மா. மதுரைதான் பொய்யி." அம்மா பக்கம் திரும்பாமலே சொன்னார். "கப்பல்ல எறக்கி, முகாம்ல வச்சு, கோத்தகிரிக்கு அனுப்புனாங்க. அங்கயும் தேயிலதான். இங்க மாதிரியே லயந்தான். மதுரைக்கு ஒரேயொரு தடவ, சித்திரைத் திருவிழாவுக்கு பஸ்ல போனேன். கூட வந்த கைடு சொன்னதத்தான் சொன்னேன். அன்னைக்கு ஆத்துல தண்ணி ஓடுனிச்சு. இப்பவும் மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில சம்பாதிச்சு அனுப்புனதாலதான் வந்தேன். திரும்பவும் கொழுந்து மலையிலதான் இருக்கேன்னு எப்படிக்கா சொல்றது?"

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபந்தான் வந்தது. "லயம் பூரா சொல்லி வச்சிருக்கேன், என் தம்பி மதுரையில இருக்கான்னு. இத வெளிய மூச்சு விடாத. நாளைக்கும் மதுரக் கதைதான் சொல்லணும்."

ஆற்றில் தண்ணீர் இல்லை என்பதைச் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் ஊருக்குத் திரும்பும் வரை, டீச்சரிடம் கேட்டுக் கேட்டுத் தெருப் பெயர்களையும் கடைவீதிகளையும் நானே அவருக்குப் படிப்பித்தேன். அப்போதும் என் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. ஒன்றைப் பொய்யாகச் சொன்னவர் மற்றதை மட்டும் மெய்யாகச் சொல்வாரா?

அது தீர்ந்தது பல வருஷம் கழித்து, இரண்டாயிரத்துக்குப் பிறகு. நான் கோத்தகிரிக்கு அவரைப் பார்க்கப் போனபோது, வீட்டுச் சுவரில் தாத்தாவின் படம் மாட்டியிருந்தது. பார்த்தால் அம்மாவே மீசை வைத்தது போல இருந்தது. அந்தப் பயணத்தில் என்னை மதுரைக்குக் கூட்டிப்போனார். அவருக்கே அது இரண்டாவது தடவைதான். ஆயிரங்கால் மண்டபத்தில் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், எந்த ஊர் என்று விசாரித்தார்.

"சிலோனுங்க. நுவரெலியா" என்றார் மாமா. "வீட்டு வாசல்ல நின்னா ஏரி தெரியும். குதிரப் பந்தயமெல்லாம் நடக்கும். வெள்ளக்காரன் போட்ட பூந்தோட்டம் இருக்கு. அங்கதான் எங்க குடும்பமெல்லாம்."

எங்கள் லயத்து வாசலில் நின்றால் தெரிவது தேயிலை மட்டும்தான். அந்த அம்மாள் சந்தேகத்தோடு என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

"ஆமாங்க, ரொம்ப அழகான ஊரு" என்றேன்.