எந்த நாட்டில் பல் பதிப்பது

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், பல் வைத்தியத்துக்காக நாடு விட்டு நாடு செல்ல எண்ணுபவர் எவரேனும் தங்கள் வீட்டில் இருக்கக்கூடும். அவருக்கு உதவட்டும் என்றே இதை எழுதத் துணிந்தேன்.

குடவாசல் பக்கத்தில் மூன்று ஏக்கர் நஞ்சையில் பயிர் செய்பவன் நான். முந்தின ஆண்டு சம்பா நடவு முடிந்ததும் வயலைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, மகளின் பேறுகாலத்துக்காக மனைவியுடன் சிங்கப்பூர் சென்றேன். பேரன் பிறந்த பத்தாம் நாள் மாப்பிள்ளை ஒரு மூட்டை அரிசி வாங்கி வந்தார். நெல்லோ அரிசியோ கண்ணில் பட்டால் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பது எங்கள் பக்கத்து விவசாயிகளின் வழக்கம். களத்தில் நெல் காய்ந்துவிட்டதா என்பதைக் கடிபடும் ஓசையே சொல்லிவிடும். அந்த அரிசி பழையதா புதியதா என்று அறிய நானும் கடித்தேன். வலது கீழ்க் கடைவாய்ப்பல் இரண்டாகப் பிளந்தது.

வெட்கத்தால், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த முறுக்கைக் கடித்ததாகச் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் கன்னம் வீங்கிற்று.

அங்கிருந்த மருத்துவர், வேரை எடுத்துவிட்டுத் தாடையில் திருகாணி பதித்து, நான்கு மாதம் கழித்து அதன்மேல் பல் பொருத்த வேண்டும் என்றார். சிங்கப்பூரில் அதைச் செய்துகொள்ளும் வசதி எங்களுக்கு இல்லை. தை அறுவடைக்குள் நான் ஊர் திரும்பியாகவும் வேண்டும். எந்த நாட்டுக்குப் போவது என்பது பற்றி வீட்டில் விவாதம் எழுந்தது.

“பேங்காக் போங்க மாமா. எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் போய்ட்டு வந்தாங்க. ஹோட்டலும் சேத்தே ஏற்பாடு பண்ணிடுறாங்க” என்றார் மாப்பிள்ளை.

“வீங்குன மூஞ்சியோட ஊர் சுத்திப் பாக்கவா போறாரு? பாலத்தைத் தாண்டுனா ஜோகூர். அங்க தமிழ் பேசுற டாக்டர் இருக்காங்க” என்றாள் மகள்.

“தமிழ் பேசுற டாக்டர் கும்பகோணத்துல இல்லியாக்கும்” என்றாள் என் மனைவி, குழந்தையைத் தட்டிக்கொண்டே.

நான் ஜோகூரைத் தேர்ந்தேன். வலி ஒரு காரணம். மலேசியாவில் பதித்த பல் என்று ஊரில் சொல்லிக்கொள்ளும் ஆசை இன்னொரு காரணம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஜோகூர் மருத்துவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. என் வாயை நெடுநேரம் பார்த்தார்.

“வலது பக்கம் மட்டும் இப்படித் தேஞ்சிருக்கே. என்ன கடிப்பீங்க ஐயா?”

“முறுக்குங்க.”

“இவ்வளவு தேயற அளவுக்கா?”

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. “நெல்லுங்க டாக்டர். களத்துல குவியல் குவியலா கடிச்சுப் பாப்பாரு. இங்க வந்தும் அரிசி மூட்டைய விட்டுவைக்கல.”

“அப்பா, முறுக்கு குடுத்த அக்காகிட்ட நான் ஒரு வாரமா பேசலப்பா” என்று தலையில் கைவைத்தாள், சிங்கப்பூரிலிருந்து கைபேசிக் காணொளியில் பார்த்துக்கொண்டிருந்த மகள்.

மருத்துவர் கையுறையைக் கழற்றினார். “இன்னைக்கே வேரை எடுத்து, புண்ணு ஆறுனதும் ஸ்க்ரூ வச்சிடலாம். எனக்கு வருமானம்தான். ஆனா அதுமேல பல்லு வைக்க நாலு மாசம் கழிச்சு எங்க இருப்பீங்க?”

“ஊர்லதான். தையில அறுப்பு.”

“அறுப்புன்னா கடிப்பீங்க. ஸ்க்ரூ ஆடுச்சுன்னா பிளேன் ஏறி எங்கிட்ட வருவீங்களா? நீங்க இருக்கற ஊர்லயே செஞ்சுக்கங்க ஐயா. இன்னைக்கு வேரை மட்டும் எடுத்து, சீழுக்கு மருந்து குடுக்கறேன்.”

சொன்னபடியே செய்தார். எக்ஸ்ரே படங்களையும், ஊரில் பார்க்கப்போகும் மருத்துவருக்கு இரண்டு பக்கக் கடிதம் ஒன்றையும் உறையிலிட்டுத் தந்தார். மறுநாள் தாமே தொலைபேசியில் அழைத்து வீக்கம் வடிந்ததா என்று விசாரித்தார். திரும்பி வரமாட்டான் என்று தெரிந்த ஒருவனுக்கு அவர் காட்டிய அக்கறை அது.

மார்கழியில் ஊர் திரும்பினேன். கும்பகோணத்து மருத்துவர் அக்கடிதத்தை முழுவதும் படித்து, அதில் கண்டபடியே திருகாணியைப் பதித்தார். சித்திரையில் பல்லும் பொருத்தினார். ஆடி மாதம் ஒரு நாள் காலை உணவின்போது அப்பல் ஆடுவதை உணர்ந்தேன். எட்டரை மணிக் கும்பகோணம் பேருந்தில் ஏறினோம்.

“இப்ப ஜோகூருக்கு டிக்கெட் போடவா?” என்றாள் மனைவி, நடத்துநர் காதிலும் விழும்படி. அவளுக்கு அந்த உரிமை உண்டு.

மருத்துவர் அரை மணி நேரத்தில் முடுக்கிக் கொடுத்தார். நண்பகலில் வீடு சேர்ந்து, வலது பக்கமாகவே மென்று சாப்பிட்டேன். அன்று மாலை அந்த ஜோகூர் அம்மையாருக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதி, மகள் மூலம் அனுப்பினேன்.

பேங்காக்கும் ஜோகூரும் குறைவான இடங்கள் என்று நான் சொல்லவில்லை. பல் ஆடினால் அன்றைக்கே போய்ச் சேரக்கூடிய இடம் எனக்குக் கும்பகோணமாக இருந்தது. அதை ஜோகூரில் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகே விளங்கிக்கொண்டேன். இக்குறிப்பைத் தாங்கள் தூக்கிப் போடாமல் வீட்டில் வைத்திருக்க வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.