பானெட்டுக்கு அடியில் பெல்ட்டு

காரின் வாயைத் திறந்து பார்க்கிற தொழில் எங்களுடையது. உள்ளே என்ன கிடக்கிறதென்று வண்டிக்காரருக்கே தெரியாது. வொர்க்‌ஷாப் வைத்து அடிபட்டவர்களும், வொர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டு அடிபட்டவர்களும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். இது நம் இரண்டு தரப்புக்கும் பொதுவான கதை.

போல்ட்டைத் தொட்ட பாவம்

பானெட்டின் உள்பக்கம் கறுப்பாக மெத்தை மாதிரி ஒன்று இருக்குமே, அதுதான் பானெட் பேடு. இஞ்சின் சத்தத்தையும் சூட்டையும் அடக்குவது. எலி அதைக் கண்டால் விடாது. முதன்முதலாக ஒரு பேங்க் மேனேஜர் வண்டிக்கு அதை மாற்றும்போது, வசதியாக இருக்கட்டும் என்று போல்ட்டைத் திருகிப் பானெட்டையே கழற்றி இறக்கினேன். பேடு ஏறிவிட்டது, பானெட்தான் திரும்ப உட்காரவில்லை. ஒரு பக்கம் விரல் நுழைகிற சந்து. அரை நாள் மல்லுக்கட்டினேன். பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் கேட்டார்: “மெத்தை மாத்தச் சொன்னா, கூரையை ஏன் பிரிச்சீங்க?”

தாங்குற மெத்தை

போன மாசம் செல்வராணி வந்தாள். சொந்தக் காரை மைன்ஸுக்கு, அதாவது எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்கு, வாடகைக்கு ஓட்டுகிறவள். ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை. கான்ட்ராக்டைப் புதுப்பிக்க அன்று இரண்டு மணிக்கு மைன்ஸ் கேட்டில் வண்டியைச் சோதிப்பார்கள். தேறாவிட்டால் லிஸ்டில் அடுத்த வண்டிக்குப் போய்விடும். அதற்குமுன் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லி அவள் வந்தபோது மணி பதினொன்று.

பானெட்டைத் தூக்கினேன். கை இறங்கியது, அத்தனை கனம். உள்ளே பேடே இல்லை. கரி ஓடுகிற கன்வேயர் பெல்ட்டு! பழசில் ஒரு துண்டை வெட்டிப் பசை போட்டு ஒட்டியிருந்தது. எங்கள் ஊரில் அந்த பெல்ட்டு இல்லாத வீடு கிடையாது. வாசலில் மிதியடி, மாட்டுக்குப் படுக்கை, எல்லாம் அதுதான். பானெட்டுக்குள் பார்த்தது அன்றைக்குத்தான். சூட்டில் பசை உருகி ஒரு மூலை இஞ்சின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒட்டியது அவள் புருஷன் ஏழுமலை. மைன்ஸில் பெல்ட்டு செக்‌ஷனில் கான்ட்ராக்ட் ஆள், கூடவே வந்திருந்தான். மூளை இருக்கிறதா, தீப்பிடித்தால் யார் பதில் சொல்வது என்று கத்தித் தீர்த்தேன். அவன் அசையவில்லை: “எவ்ளோ கரியைத் தாங்கிக்கினு ஓடுதுண்ணே, ஒரு இஞ்சினைத் தாங்காதா?”

பேரம் பேசி வாங்கிய பேடு

பெல்ட்டைப் பிரித்துப் பசையைச் சுரண்டும்படி ஏழுமலையிடம் சொல்லிவிட்டு, புதுப் பேடு வாங்க வடலூருக்குப் பறந்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் சொன்ன விலையைக் காதில் வாங்காமல் அடித்துப் பேசி, பாதிக்கும் கீழே முடித்தேன். பெருமை தாங்கவில்லை. திரும்பி வந்து பானெட்டில் வைத்துப் பார்த்தால் சுற்றிலும் நாலு விரல் பெரிசு. பேடைப் பிடிக்கிற கிளிப்புக்கான ஓட்டை ஒன்றுகூடச் சேரவில்லை. மணி பன்னிரண்டே முக்கால்.

செல்வராணி செல்போனில் மணி பார்த்தாள். அது திட்டுவதைவிட மோசம். கடைக்காரருக்கு போன் போட்டுக் குதித்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “நீங்க கேட்ட விலைக்கு அதாங்க வரும்.”

மூளை யாருடையது

நான் ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் விட்டெறிந்த நேரத்தில், ஏழுமலை அந்த பெல்ட்டைத் தூக்கிவந்து புதுப் பேடின்மேல் விரித்தான். எலி கடித்த பழைய பேடை வைத்தே அச்சாக வெட்டியிருக்கிறான். எட்டு ஓட்டையும் அதே இடத்தில்! சாக்பீஸால் சுற்றிலும் கோடு போட்டு, ஓட்டைகளையும் குறித்துக்கொண்டோம். கத்தரித்து, ஓட்டை போட்டு, ஓரத்துக்கு அலுமினிய டேப் ஒட்டினோம்.

இனி சுலபம், நீங்களும் செய்யலாம். பானெட்டைக் கழற்றாதீர்கள். இஞ்சின்மேல் அட்டையை விரித்துவிட்டால் விழுகிற கிளிப்பு தொலையாது. கண்ணாடிக்குத் தண்ணீர் போகிற டியூபை நசுக்காமல், நடுக் கிளிப்பை முதலில் அழுத்தி, அங்கிருந்து இரண்டு ஓரத்துக்கும் போக வேண்டும். டப், டப், டப் என்று எட்டும் உட்கார்ந்தன. கால்மணி ஆகவில்லை. ஏழுமலை கையைத் தட்டிக்கொண்டான்: “மூளை இருக்குதா இல்லியான்னு இப்ப சொல்லுண்ணே.”

கேட்டில்

என் வேலை தேறுகிறதா என்று பார்க்க நானும் ஏறிக்கொண்டேன். சோதிக்க வந்தவர் டயரைப் பார்த்தார், தீயணைப்பானைப் பார்த்தார், பானெட்டைத் திறந்தார். பேடின் ஒவ்வொரு மூலையையும் விரலால் இழுத்துப் பார்த்தார். செல்வராணி ஸ்டியரிங்கை விடவே இல்லை. அவர் பானெட்டைச் சாத்திப் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். கான்ட்ராக்ட் அவளுக்கே.

வண்டியை விட்டு இறங்கிய நான் குதிக்காத குறை. இப்போது இஞ்சின் சத்தம் எவ்வளவு அடங்கிவிட்டது, கேட்டியா என்று பெருமையாகக் கேட்டேன். முதல் ஆளை ஏற்றப் புறப்பட்டவள் கண்ணாடியை இறக்கிச் சொன்னாள்: “இஞ்சின் எப்பவும் அளவாத்தாண்ணே கத்தும், காலையிலேர்ந்து உங்க சத்தம்தான் தாங்கல.”

பேடு மாற்றுவது தெரிந்தவனுக்குக் கால்மணி வேலை, கோபக்காரனுக்கு அரை நாள் வேலை. இரண்டு கணக்கிலும் செய்து பார்த்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.