மூன்றாம் மாடியின் நடுச்சுவர்

புத்தூர்ப் பக்கம் ஒரு குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு. அதன் கதையை வருடவாரியாகத் தொகுக்கலாமே என்று போன வியாழக்கிழமை ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினேன்.

"எந்த வருஷம் இங்க குடிவந்தீங்க?"

"மூத்தவளுக்குக் காது குத்தின வருஷம், சார்" என்றார் மூன்றாம் மாடி ரஷீதா. சரி... அதை எந்த வருடத்தின் கீழே எழுதுவது?

அன்று கட்டடச் சோதனைக்கு இன்ஜினியரும் வந்திருந்தார். கீழ்வீட்டில் சுவரைக் குடைந்து அலமாரி வைத்திருந்தார்கள். "சுவர்ல கை வெச்சா வீட்டு ஒதுக்கீடு ரத்து" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே ஏறினார்.

ரஷீதாவின் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, வாசல் விரிசலைக் காட்ட வெளியே வந்தாள். காற்றில் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. உள்தாழ்ப்பாள் விழுந்துவிட்டது.

உள்ளே தொட்டிலில் குழந்தை. அடுப்பில் பால்.

ஆண்கள் கதவை இடித்தார்கள். மேலிருந்து காரை உதிர்ந்தது.

"இடிக்காதீங்க. மேல விரிசல் விட்ட கான்கிரீட் இறங்கிடும்" என்றார் இன்ஜினியர்.

பால்கனி வழியாக? திருடனுக்குப் பயந்து கிரில் போட்டிருந்தது. ஆசாரியைக் கூப்பிட ஒருவர் ஓடினார்.

அப்போதுதான் வாடை... பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்க வேண்டும். கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதுவரை அழுத குழந்தையின் சத்தமும் நின்றது.

"யாரும் ஸ்விட்சைத் தொடாதீங்க" என்றார் இன்ஜினியர்.

ஸ்டெல்லா ரஷீதாவைப் பார்த்தாள். ரஷீதா இன்ஜினியரைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். வாய்க்கால் கரைக் குடிசைகளில் இந்த இரண்டு குடும்பத்துக்கும் அடுத்த வீட்டு அடுப்பு கைக்கெட்டும் தூரம். மாடிக்கு வந்ததும் நடுவில் சுவர். வரைபடத்தில் குழம்பு எந்த வழியாகப் போகும் என்று யார் காட்டுகிறார்கள்? சமையலறைச் சுவரில் கிண்ணம் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டுக்கொண்டார்கள். சோதனை என்றதும் ரஷீதா பக்கம் தட்டு ஸ்டாண்டு, ஸ்டெல்லா பக்கம் ஒரு முறம் வைத்து மறைத்தாயிற்று.

"சார், கொஞ்சம் கீழ போயிட்டு வரீங்களா?" என்றார் ரஷீதா.

"இப்பவாம்மா?"

"அப்ப வாங்க. நீங்களே பாத்துக்கங்க."

தன் சமையலறையில் ரஷீதா ஸ்டாண்டைக் கழற்றினார். முறத்தைத் தள்ளினார். தோள்வரை கை உள்ளே போனது.

"இன்னும் இடது பக்கம்க்கா..." பின்னாலிருந்து ஸ்டெல்லா வழி சொன்னாள்.

டக். அடுப்பின் குமிழ் மூடிக்கொண்டது.

ஆசாரி வந்து கதவை நெம்பித் திறந்தபோது குழந்தை விரல் சப்பிக்கொண்டு கிடந்தது.

இன்ஜினியர் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களும் அவரையே. வீடு இருக்குமா, போகுமா?

"அடுப்பை நிறுத்தியாச்சுல்ல?"

"ஆச்சு, சார்."

"அப்ப ஸ்டாண்டை மாட்டுங்க."

நான் பார்த்த அரசாங்க உத்தரவுகளிலேயே சுருக்கமானது அதுதான்.

பெயர்களை மாற்றிவிட்டேன். பிளாக் எண்ணைக் கேட்காதீர்கள்.