பன்னிரண்டாவது நாற்காலி

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரை நாற்காலிகளில் உட்காரவைத்துப் பாதங்களைக் கழுவுவார். கொடைக்கானலில் எங்கள் பங்குக் கோயிலில் அந்தப் பன்னிரண்டு பேரின் பட்டியலை எழுதும் வேலை, இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் என்னிடம் இருந்தது. நான் மறைக்கல்வி டீச்சர். பெண்களுக்கு அந்த நாற்காலிகள் அப்போது கிடையாது. பட்டியல் எழுத மட்டும் ஒரு பெண் வேண்டியிருந்தது.

வருடா வருடம் அதே ஆட்கள்தான். லாட்ஜ் முதலாளி, ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர், எஸ்டேட் மேனேஜர். வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிப் பவுடர் பூசிய பாதங்களை நீட்டுவார்கள். சாமியார் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் துண்டால் ஒற்றி எடுப்பார். இதைப் பார்த்துவிட்டு வந்து, ஆண்டவர் சீடர்களின் காலழுக்கைக் கழுவினார் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த எனக்கு நாக்கு கூசியது.

ஒரு வருடம் பன்னிரண்டாவதாக, லாட்ஜுகளில் கழிப்பறைத் தொட்டி சுத்தம் செய்யும் ஒருவரை எழுதினேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறு வயதில் பெற்றோருடன் கப்பலேறி வந்தவர். ஞாயிறு தவறாமல் வந்து கடைசித் தூணோரம் நிற்பார்.

"என் காலையா? வேணாங்க டீச்சர், வெடிச்சுப்போய் கெடக்கு" என்றார்.

"அப்படிப்பட்ட காலைக் கழுவத்தாங்க அந்தப் பூசையே" என்று நான்தான் வற்புறுத்தினேன்.

வியாழன் மாலை, எல்லோருக்கும் முன்பாகவே வெள்ளை வேட்டியில் மனைவியோடு வந்துவிட்டார். குதிகாலைக் கல்லில் தேய்த்ததில் வெடிப்புகளில் ரத்தம் கசிந்திருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும், பங்குப் பேரவைச் செயலாளர் வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நீ பெஞ்சுல போய் உக்காருப்பா. மதுரையில இருந்து என் மருமகன் வந்திருக்காரு."

அவர் எழுந்து வாசல் பக்கம் நடந்தார்.

நான் பூசை உடுப்பு மாற்றும் அறைக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்ட சாமியார் அங்கியைச் சரிசெய்தபடியே சொன்னார்: "டீச்சர், இது அடையாளச் சடங்கு. அந்தக் காலத்துல அடிமைங்க செஞ்ச வேலை. இன்னைக்கு நாம அதோட கருத்தைத்தான் எடுத்துக்கணும்."

"என்ன கருத்துங்க சாமி?"

"பணிவு."

"அப்ப அதைச் செயலாளர்கிட்ட சொல்லுங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த வருஷம் பாப்போம்."

வெள்ளிக்கிழமை கறி தின்னக்கூடாது என்பதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கச் சொல்கிறவர்கள், சுடுகிற போதனை வந்தால் மட்டும் அதை அடையாளமாக்கிவிடுகிறார்கள். எத்தனை தலைமுறையாக இந்த வேலை நடக்கிறதோ.

வாசலில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டு நாளா தேச்சாருங்க டீச்சர்" என்றார் அவர் மனைவி.

"உங்க மேலயும் எனக்குக் கோவம் இருக்குங்க" என்றார் அவர், தலை நிமிராமல். "நான் வேணாம்னுதானே சொன்னேன்."

நான் உள்ளே போய், பீடத்துக்கு முன்னால் நின்று, "பன்னெண்டாவது ஆளை எழுப்பி அனுப்பிட்டாங்க. அவர் இல்லாம இந்தக் கால் கழுவல் பொய்" என்று சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாடகர் குழு அவசரமாகப் பாட ஆரம்பித்தது. ஆர்மோனியத்துக்கு மேல் என் குரல் எழவில்லை. சாமியார் வந்தார். மருமகனின் பாதத்தில் தண்ணீர் விழுந்தது.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்ததும் என் வகுப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். பட்டியலையும்தான். காரணம் கேட்டேன். எனக்கு ஓய்வு தேவை என்றார்கள்.

மே மாதம், எழுப்பி அனுப்பப்பட்ட அந்த மனிதரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி பால் சேர்க்காத வெறுந்தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். "நான் கோயிலுக்கு வருவேங்க. அது அவங்க அப்பன் வீடு இல்லையே" என்றார் அவர்.

"நான் வரமாட்டேன்" என்றார் மனைவி.

சொன்னபடியே, அதன்பிறகு அந்த அம்மா ஒருநாளும் வரவில்லை. சாமியாரோ செயலாளரோ, அவர் ஏன் வருவதில்லை என்று அவர் கணவரிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.